செவலையின் முன்பாதி

திருச்சிராப்பள்ளி–ஸ்ரீரங்கம் ஒருங்கிணைந்த நிழற்படக் கலைக் கழகத்தில், ஒரு படத்தில் மாடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்ட விஷயம். மாடு படத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும். இடது ஓரத்தில் நின்றால் வலப்பக்கம், வலது ஓரத்தில் நின்றால் இடப்பக்கம். நட்ட நடுவில் நிற்கிற மாடு, கழகத்தைப் பொறுத்தவரை, மாடே அல்ல. இந்த விவரம் மாடுகளுக்குத் தெரியாதாகையால், அவற்றின் முகத்தைத் திருப்பிவிடுவதற்கென்று ஒவ்வொரு வெளிப்பயணத்துக்கும் ஒரு கட்டுப் பசும்புல்லும் ஓர் உறுப்பினரும் ஒதுக்கப்படுவது வழக்கம்.

பெயரில் இருக்கிற 'ஒருங்கிணைந்த' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. முன்பு மன்னார்புரத்தில் ஒன்றும் ஸ்ரீரங்கத்தில் ஒன்றுமாக இரண்டு கழகங்கள் இருந்தன. தொடுவானம் படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வர வேண்டும் என்பது மன்னார்புரத்தாரின் கொள்கை. கீழ் மூன்றில் ஒரு பங்கில் என்பது ஸ்ரீரங்கத்தாரின் கொள்கை. இதனால் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோன வீடுகள்கூட உண்டு என்பார்கள். கடைசியில், தொடுவானத்தை நடுவில் வைப்பவர்களைத் தாங்கள் இருவருமே சம அளவில் வெறுப்பது தெரியவந்து, அந்த அடிப்படையில் கைகோத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட கழகத்தில்தான் வீரராகவன் தகுதிகாண் உறுப்பினராகச் சேர்ந்தான். ஸ்ரீரங்கத்துக்காரன். ரயில்வே அலுவலகத்தில் வேலை. நல்ல கேமரா ஒன்று வாங்கியிருந்தான். வாங்கியதைச் சரியாகப் பயன்படுத்தவில்லையோ என்ற பயம் அவனுக்கு இருந்தது. அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்தக் கழகங்கள் எல்லாம் நடக்கின்றன.

மன்னார்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் மாதாந்திரக் கூட்டம். வீரராகவன் திருவெள்ளறைப் பக்கம் எடுத்த ஆட்டு மந்தைப் படத்தைக் கொடுத்திருந்தான். அது திரையில் விழுந்ததும் வெட்டுக் குழு எழுந்து நின்றது. தலைவர் கோவர்தன் வெல்வெட் பையிலிருந்து 'ட' வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளை வெளியே எடுத்தார். கணினியில் ஒரு விரலால் ஆகிற காரியம்தான். ஆனால் கழகத்தில் முதல் வெட்டு எப்போதும் அட்டையால்தான், அதுவும் தலைவர் கையால்தான். அட்டைகள் திரையை நெருங்கின. முதலில் ஆடு மேய்க்கிற பெண் போனாள். பிறகு மரம் போனது. பிறகு ஒவ்வோர் ஆடாகப் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

"மந்தையாத்தான் எடுத்தேன் சார்," என்றான் வீரராகவன்.

"மந்தைங்கறது ஒரு ஆட்டுலயே தெரியணும் ஸ்வாமி," என்றார் கோவர்தன். "வெட்ட வெட்டத்தான் கலை. எடுக்கறதுக்கு என்ன, கேமராவே எடுத்துடும். வெட்டறதுக்குத்தான் மனுஷன் வேணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். வீரராகவனும் தட்டினான்.

தகுதிகாண் உறுப்பினர் முழு உறுப்பினர் ஆக வேண்டுமானால், ஒரு வெளிப்பயணத்தைக் குறையில்லாமல் நடத்திக் காட்ட வேண்டும். வீரராகவன் குடும்பத்துக்கு ஜீயபுரத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. பிச்சமுத்துவும் அவன் மனைவி வள்ளிக்கண்ணுவும் அதைக் குத்தகைக்குப் பயிர்செய்துவந்தார்கள். அவர்களிடம் செவலை என்று ஒரு பசு இருந்தது. கன்றாக இருந்தபோதே தாயை இழந்த அதை வள்ளிக்கண்ணுதான் பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தாள். இப்போது அது நிறைசினை. படத்துக்கு அதை நிறுத்தச் சொல்லி வீரராகவன் கேட்டான்.

"சாமி, தலையீத்துங்க. இன்னைக்கோ நாளைக்கோ போட்டுரும்," என்றான் பிச்சமுத்து போனில். "அவ அது பக்கத்துலயேதான் கெடக்குறா. வேற மாடு பாத்து வெக்கட்டுங்களா?"

வீரராகவன் இதைத் தலைவரிடம் சொன்னான்.

"நெறமாசமா? பேஷ்! தென்னமரம் நேர்கோடு. அதுக்கு எதிர்ல வயித்தோட வளைவு. அந்த மாடுதான் வேணும். வேற மாட்டக் கொண்டுவந்து நிறுத்தி என் மனச ஒடைக்காதேள்."

வீரராகவன் மறுபடி போன் செய்தான். நிலத்துக்காரர் கேட்பது ஜீயபுரத்தில் கேள்வியாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. "சரிங்க சாமி," என்றான் பிச்சமுத்து. பின்னால் வள்ளிக்கண்ணு என்னவோ சொல்வது கேட்டது. என்ன என்று வீரராகவன் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம். கழகத்தின் வேன் ஜீயபுரத்தில் வாய்க்கால் மதகருகே வந்து நின்றது. மதகிலிருந்து ஓர் ஒற்றையடித் தடம் வயலுக்கு நடுவே வளைந்து போய் ஒரு புல்மேட்டில் முடிந்தது. மேட்டின் மேல் செவலை நின்றது. இரண்டு பக்கமும் புதிதாக நட்ட வயல், முழங்கால் சேறு.

"நம்ம முன்னோர்கள் வாழ்ந்த கிராமத்த அப்படியே எடுக்கப்போறோம்," என்று கோவர்தன் தொடக்கவுரை ஆற்றினார். "ஒண்ணையும் மாத்தப்படாது. முதல்ல அந்த மோட்டார் ரூமை மறைச்சுடுங்கோ."

மோட்டார் அறை தென்னங்கீற்றால் மறைக்கப்பட்டது. மின்கம்பத்தை மறைக்க, வெட்டிய வாழைமரம் ஒன்றைப் பிடித்தபடி இரண்டு உறுப்பினர்கள் அதன் முன்னால் நின்றார்கள். செவலையின் காதில் கால்நடைத் துறை மாட்டிய மஞ்சள் வில்லை இருந்தது. அதன் மேல் சேறு பூசினார்கள். பிச்சமுத்து சிமென்ட் கம்பெனி பெயர் போட்ட பனியன் போட்டிருந்தான். அதைக் கழற்றச் சொல்லி, கழகத்துக்குச் சொந்தமான தலைப்பாகையைக் கட்டிப் பார்த்தார்கள். பிறகு, விவசாயி மாதிரி இல்லை என்று அவனை நீக்கிவிட்டார்கள். வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார்கள். இதெல்லாம் முடிந்ததும் கிராமம் அப்படியே இருந்தது.

அடுத்து, கேமரா நிற்கும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பொடியால் கோடு இழுக்கப்பட்டது. கோட்டுக்கு உள்ளே இருப்பது ஃப்ரேம். மேடு, செவலை, தென்னைகள், மதகிலிருந்து வருகிற தடம் எல்லாமே அதற்குள் அடக்கம்.

"ஃப்ரேம் பூட்டியாச்சு!" என்று கோவர்தன் குரல் கொடுத்தார்.

பூட்டிய ஃப்ரேமுக்குள் ஈ, காக்கை நுழையக் கூடாது. கழகம் தொடங்கிய நாளிலிருந்து நுழைந்ததுமில்லை. சரியான படம் எடுப்பதற்குச் சரியான இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டென்பதால், எல்லோரும் அதே இடத்தில் ஒருவர் பின் ஒருவராக நின்று அதே படத்தை எடுக்க வேண்டும். இதற்குக் கழகத்தில் தனித்துவம் என்று பெயர். வரிசை, கழகம் கொடுத்த பட்டங்களின்படி: முதலில் செம்மல்கள், பிறகு மூத்த இணைஞர்கள், பிறகு இணைஞர்கள், உறுப்பினர்கள். எல்லோரும் முடித்த பிறகு தகுதிகாண். அதுவரை பூட்டு திறக்காது. திறப்பது தலைவர் வாயால் மட்டுமே.

இரண்டாவது செம்மல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது செவலை வாலைத் தூக்கியது.

"வால்! வால்!" என்று பல குரல்கள் எழுந்தன.

"வாலை எறக்கச் சொல்லுங்கோ," என்றார் கோவர்தன். யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

செவலை முதுகை வளைத்து முக்கியது. படுத்தது. எழுந்தது. திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தது. புல்கட்டோடு நின்ற உறுப்பினர் கோட்டுக்கு வெளியே இருந்தபடியே புல்லை ஆட்டி ஆட்டி அதன் முகத்தை வலப்பக்கம் இழுக்க முயன்றார்.

கோட்டோரம் நின்ற வள்ளிக்கண்ணு, "ஐயா, மாடு கன்னு போடுதுங்க. நான் உள்ள போறேன்," என்றாள்.

கழகச் செயலாளர் லூர்துராணி அவள் கையைப் பிடித்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அன்பாகப் பேசித்தான் யாரையும் தடுப்பார். "கொஞ்சம் பொறுங்கம்மா. ஃப்ரேம் பூட்டியிருக்குங்க. மூணாவது செம்மல் இப்பத்தான் வந்திருக்கார்."

அந்த நேரத்தில் செவலையின் பனிக்குடம் உடைந்தது. புல்லில் ஈரம் மின்னியது.

"ஆஹா, ஹைலைட்!" என்றார் மூன்றாவது செம்மல்.

வள்ளிக்கண்ணு கையை உதறிக்கொண்டு ஓடினாள். கோட்டைத் தாண்டி, மேட்டைச் சுற்றி, மாட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தாள். கூட்டம் திகைத்து நின்றது. கோவர்தன் கேமராவுக்குள் பார்த்தார். மாட்டின் வயிறு அவளை முழுதாக மறைத்திருந்தது.

"தெரியல. அப்படியே குனிஞ்சு இருந்தா ஆட்சேபணை இல்ல," என்று அவர் தீர்ப்பளித்தார். கழகம் மனிதாபிமானம் இல்லாதது என்று பின்னால் சிலர் பேசியது சரியில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாட்டுக்குப் பின்னாலிருந்து அவள் கத்தினாள். "ஒரு காலுதான் வந்துருக்கு! மூக்கு தெரியுது! இன்னொரு காலக் காணோம்!"

பிச்சமுத்து ஏற்கெனவே போனில் இருந்தான். கால்நடை மருத்துவர் சுபலட்சுமி மறுமுனையில் பேசினார். "ஒரு கால் உள்ள மடங்கியிருக்கு. இழுக்காதீங்க, இழுத்தா ரெண்டும் போயிடும். யாரும் தொடாதீங்க. பக்கத்துலதான் இருக்கேன், வந்துடறேன்." அதை அவன் சத்தமாக வள்ளிக்கண்ணுவுக்குச் சொன்னான். அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

வீரராகவன் தலைவரிடம் போனான். "சார், கொஞ்ச நேரம் ஃப்ரேமத் திறந்துட்டா..."

"தகுதிகாண் உறுப்பினர் பேசணும்னா ரெண்டு இணைஞர் வழிமொழியணும்," என்றார் லூர்துராணி வருத்தத்தோடு. வீரராகவன் இணைஞர்களைப் பார்த்தான். அவர்கள் வரிசையில் தங்கள் இடம் போய்விடுமோ என்று முன்னால் நிற்பவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் சொன்னபடியே வந்துவிட்டார். மதகில் ஸ்கூட்டர் நின்றது. தடத்தின் வாயில் கழகத்தினர் நாலு பேர் முக்காலிகளோடு நின்றார்கள். அந்தத் தடத்தில் முக்காலியை விரித்தால் ஆடுகூடப் புக முடியாது.

"வழி விடுங்க," என்றார் டாக்டர்.

"மேடம், இந்தத் தடம்தான் படத்தோட வழிகாட்டுக் கோடு. கண்ணை மாட்டுகிட்ட கூட்டிட்டுப் போறதே இதுதான்," என்று லூர்துராணி விளக்கினார். "இதுல ஸ்கூட்டர் வந்தா கண்ணு ஸ்கூட்டரோட போயிடுங்க."

"நடந்து போறேன்."

"வெள்ளைக் கோட்டு போட்டிருக்கீங்களே. கிராமத்துல வெள்ளைக் கோட்டு ஏதுங்க?"

"நான் இந்தக் கிராமத்து டாக்டருங்க! உள்ள ஒரு உயிரு மூச்சு முட்டிக்கிட்டிருக்கு!"

கோவர்தன் வந்துவிட்டார். "புரியறதும்மா. எங்களுக்கும் அதான் கவலை. படம் மூச்சு விடணும். மாட்டோட பார்வைக்கு முன்னாடி இடம் இல்லேன்னா படமே மூச்சு முட்டிப்போயிடும்."

டாக்டர் அவரையே பார்த்தார். இப்படி ஒரு வியாதியை அவர் படித்ததில்லை.

அவசர செயற்குழு தடத்தின் மேலேயே கூடியது. டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தால் ஏற்கலாமா என்பது முதல் யோசனை. சிவப்புச் சேலை கட்டி இடுப்பில் ஒரு குடத்தோடு வந்தால் பச்சை வயலுக்கு எடுப்பாக இருக்கும் என்று ஒரு மூத்த இணைஞர் திருத்தம் கொண்டுவந்தார். குடம் வேனில் இருந்தது, சேலை இல்லை. திருத்தம் தோற்றது. மேட்டிலிருந்து செவலை கத்தியது. அது அம்மா என்று கத்துகிற கத்தல் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். "நாக்கு நீலமாவுது!" என்று வள்ளிக்கண்ணு அழுதாள். "ஐயா, யாராச்சும் வழிய விடுங்கய்யா!" பிச்சமுத்து முக்காலிகளைத் தள்ளிப் பார்த்தான். இரண்டு பேர் அவனைக் கட்டிப்பிடித்து, "டென்ஷன் ஆகாதீங்க, கமிட்டி பேசிட்டிருக்கு," என்று ஆறுதல் சொன்னார்கள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் தலைவர்தான். மாட்டைப் பாதியில் வெட்டிவிடலாம் என்றார். முன்பாதி படத்தில் இருக்கட்டும். பின்பாதி எப்படியும் வெட்டுப் பகுதிக்குப் போய்விடும். வெட்டுப் பகுதியில் யார் என்ன செய்துகொண்டாலும் கழகத்துக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் டாக்டர் தடம் வழியாக வரக் கூடாது, இடப்பக்கத்து வயல் வழியாக வர வேண்டும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இதைக் கேட்கத் தடத்தில் டாக்டர் இல்லை. அவர் எப்போதோ பையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டிருந்தார். முழங்கால்வரை புதைந்து, ஒரு காலைப் பிடுங்கி இன்னொரு காலை வைத்து, விழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தார். கோட்டு முழுக்கச் சேறு. "இப்ப பாருங்க, என்ன கிராமியமா இருக்கு!" என்று ஓர் உறுப்பினர் வியந்தார். நாலைந்து பேர் படம் எடுத்தார்கள்.

புதிய கோடு மாட்டின் நடு வயிற்றுக்கு நேராக இழுக்கப்பட்டது. கோட்டுக்கு வலப்பக்கம் கலை, இடப்பக்கம் பிரசவம். முன்பாதிச் செவலை அசையாமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பின்பாதியில் டாக்டரின் கை தோள்வரை உள்ளே இருந்தது.

"கன்னை உள்ள தள்ளி காலை நிமிர்த்தணும். மேடு தடுக்குது, பின்பக்கம் தாழ்வா இருக்கு!" டாக்டருக்கு மூச்சு வாங்கியது. "மாட்டைத் திருப்புங்க! பின்பக்கம் மேட்டு மேல வரணும். யாராவது தலைப்பக்கம் கயித்தப் புடிங்க!"

"திருப்பப்படாது!" கோவர்தனின் குரல் உடைந்தது. "பின்பக்கம் ஃப்ரேமுக்குள்ள வந்துடும்!"

பிச்சமுத்து இன்னும் ஆறுதலின் பிடியில்தான் இருந்தான். வள்ளிக்கண்ணு வால் பக்கத்தை விட்டு நகர முடியாது. மற்ற எல்லோரும் கோட்டில் நின்றார்கள். வீரராகவனும் நின்றான். அவனுடைய செருப்பு நுனி சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த மாட்டை இங்கே நிறுத்தச் சொன்னது யார் என்று அவனுக்குத் தெரியும். அந்த எண்ணம் வந்ததும் அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அவன் கோட்டைத் தாண்டினான்.

அவன் அதற்கு முன் ஒரு மாட்டின் கயிற்றைப் பிடித்ததில்லை. பிடித்தான். செவலையின் தலை அவன் மார்பில் இடித்தது. "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்," என்று வள்ளிக்கண்ணு கத்த, அவன் இழுத்தான். மாடு சுழன்றது.

"வீரராகவன்! ஃப்ரேமுக்குள்ள இருக்கேள்!"

"தெரியறது சார்!"

"சாட்சிக்கு ஒண்ணு எடுத்துக்கறேன்," என்று கோவர்தன் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு ஒரு படம் எடுத்தார்.

அதற்குள் பிச்சமுத்து பிடியை உதறிக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தான். மடங்கிய கால் நிமிர்ந்தது. இரண்டு காலிலும் கயிறு போட்டு, செவலை முக்கும்போதெல்லாம் இழுத்தார்கள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து புல்லில் விழுந்தது. தாயைப் போலவே சிவப்பு. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. டாக்டர் அதன் மூக்கைத் துடைத்தார், வாயில் விரல் விட்டுச் சளியை எடுத்தார், பின்னங்காலைப் பிடித்துத் தூக்கச் சொன்னார், ஒரு புல்லால் மூக்கைக் கிளறினார், மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்தார். வள்ளிக்கண்ணு சாக்கால் அதன் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை.

"போதும்மா," என்றார் டாக்டர். "தாயி பொழைச்சுக்கும். கன்னு போயிடுச்சு."

செவலை திரும்பி வந்து கன்றை நக்க ஆரம்பித்தது.

டாக்டர் வீரராகவனை நிமிர்ந்து பார்த்தார். "நான் மதகுல வந்து நின்னப்ப இதுக்கு உயிர் இருந்துச்சு சார்."

கோவர்தன் சூரியனை அண்ணாந்து பார்த்தார். "வெளிச்சம் தட்டையாயிடுத்து," என்றார். "பேக்கப்."

டாக்டர் மாவட்ட நிர்வாகத்துக்குப் புகார் எழுதினார். கழகம் உடனே தன்னைத் தானே விசாரிக்க ஒரு குழு அமைத்தது. மதகில் டாக்டரை மறித்து நின்றவர்களே அதன் உறுப்பினர்கள், சம்பவம் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால். குற்றம் செய்தவர்களே விசாரிக்கிற இடத்துக்கு வர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீரராகவன் ஜீயபுரத்துக்குப் போய் வள்ளிக்கண்ணுவைக் கூப்பிட்டான்.

"நான் வந்து என்னத்தங்க சொல்லப்போறேன்?"

"நடந்ததச் சொல்லுங்க. நானும் சொல்றேன். அவங்க ஒத்துக்கணும்."

"மறு கன்னு கேக்கலீங்க. எங்களால ஒரு உசுரு போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. போதும்," என்றாள். வீரராகவன் அதை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தான்.

மன்னார்புரம் மண்டபத்து மாடி நிறைந்திருந்தது. விசாரணையோடு மாதாந்திரப் போட்டி முடிவும், படத்தில் இடம்பெற்ற மாட்டின் உரிமையாளருக்குப் பொன்னாடை போர்த்துவதும் ஒரே நிகழ்ச்சி நிரலில் இருந்தன. மாட்டுக்காரர்களைக் கௌரவிக்கக் கழகம் ஒருநாளும் தவறியதில்லை.

முதல் சாட்சியமாகத் தலைவர் எடுத்த படம் திரையில் விழுந்தது.

தோள்வரை கை நுழைந்த டாக்டர், பற்களைக் கடித்தபடி. வாலைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து வாய் திறந்திருந்த வள்ளிக்கண்ணு. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவ, கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த வீரராகவன். வெளியே தெரிந்த ஒற்றைக் குளம்பு. நடுவில் செவலை, வெள்ளை விழி தெரிய. பின்னால் யாரோ பிடித்திருந்த வாழைமரம் சாய்ந்து மின்கம்பம் எட்டிப் பார்த்தது. கழகம் தன் வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல படம் அது. தவறுதலாக எடுக்கப்பட்டது.

வள்ளிக்கண்ணு அந்தக் குளம்பைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வீரராகவனுக்குத் தெம்பு வந்தது. இனி யாரும் ஒன்றும் மறுக்க முடியாது என்று நினைத்தான்.

"வலது பக்கம் கனமா இருக்கே," என்று ஒரு குரல் கேட்டது.

பழக்கதோஷம்தான். ஆனால் கழகத்தில் திரையிட்ட எந்தப் படத்தையும் வெட்டாமல் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருந்தது. கோவர்தன் வெல்வெட் பையைத் திறந்தார். டாக்டர் பளிச்சென்று கண்ணை இழுக்கிறார் என்று முதலில் போனார். அவர் கை மட்டும் தனியாக நிற்பது விகாரமாக இருக்கிறது என்று கையும் குளம்பும் சேர்ந்து போயின. படத்துக்கு உள்ளே பார்க்காமல் வானத்தைப் பார்க்கிற வள்ளிக்கண்ணுவால் பயனில்லை. கண்ணாடி போட்ட ஆள் காலத்துக்கு ஒவ்வாதவர். அட்டைகள் நெருங்கி நெருங்கி, வயிற்றைத் தாண்டி, கழுத்தில் வந்து நின்றன. பச்சை வயலின் முன் செவலையின் முகம் மட்டும், படத்துக்கு உள்ளே பார்த்தபடி.

"ஆ," என்றது சபை.

"இப்ப விடறது பாருங்கோ மூச்சு," என்றார் கோவர்தன்.

வீரராகவன் எழுந்தான். "சார், டாக்டரத் தடுத்தோம். நான் அங்கதான் இருந்தேன். இவங்க இருந்தாங்க. கன்னு..."

"உக்காருங்கோ. நிதானமாப் பாப்போம்." கோவர்தன் சபையின் பக்கம் திரும்பினார். "விதிப்படி இறுதி வெட்டுதான் ஆவணம். இதுல டாக்டர் இருக்காரா? இல்ல. அப்ப தடுத்தோங்கறது எப்படி? கன்னு இருக்கா? இல்ல. உங்க மேலயும் ஒரு குத்தம் இருந்தது வீரராகவன், பூட்டின ஃப்ரேமுக்குள்ள நுழைஞ்சேள்னு. இதுல நீங்களும் இல்ல. நாங்க யாரையும் பாரபட்சமா நடத்தறது கெடையாது. உங்களையும் விடுவிக்கறோம். இன்னிலேர்ந்து நீங்க முழு உறுப்பினர்."

கைதட்டல் எழுந்தது. யாரோ வீரராகவன் சட்டையில் கழகச் சின்னத்தைக் குத்தினார்கள். அதே மூச்சில் லூர்துராணி போட்டி முடிவையும் வாசித்தார். முதல் பரிசு, தலைவர் கோவர்தன். படத்தின் தலைப்பு, 'அமைதி'. வெட்டிய படம் இப்போது திரை முழுக்க விழுந்தது.

வள்ளிக்கண்ணுவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதைத் தோளில் வைத்தபடியே திரையைப் பார்த்தாள்.

"எங்க கன்னு எங்கங்க?" என்று கேட்டாள்.

"அது ஃப்ரேமுக்கு வெளிய போயிடுச்சும்மா," என்றார் லூர்துராணி அன்பாக.

வள்ளிக்கண்ணு திரையருகே போனாள். படத்தில் செவலையின் கழுத்து முடிகிற இடத்தில் திரையும் முடிந்தது. அதற்கப்பால் மண்டபத்தின் வெறும் சுவர். அவள் அந்தச் சுவரின் முன் நின்றாள். கழுத்திலிருந்து வயிறு, வயிற்றிலிருந்து பின்பக்கம் என்று கண்ணால் அளந்துகொண்டே நகர்ந்தாள். ஓர் இடத்தில் நின்று கீழே குனிந்தாள். அங்கே உட்கார்ந்து, சுவரில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தேய்த்தாள்.

சபையில் சலசலப்பு எழுந்தது. வீரராகவன் சின்னத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றான்.

"அம்மா, செத்த தள்ளிக்கோங்கோ," என்றார் கோவர்தன். "எல்லாரும் படம் பாக்கணும். மறைக்கறேள்."

"மறைக்கல சார்," என்றான் வீரராகவன். "அவங்க படத்துக்கு வெளியதான் இருக்காங்க."